சாகத் துடிக்கும் வீரனும் பதறும் தோழர்களும்: கேள்வி பதில்

மயிலாப்பூரில் ஞாயிறு மாலைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். மானத்தை இழந்து, போரில் செத்து அதை மீட்கப் புறப்பட்ட வீரனாக ஆடுவது பற்றிப் பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அது. ஆடுகிறவர்கள் அதிகம் கெடுப்பதும் அதைத்தான்.

அக்கா, என் வீரன் குள்ளர் இனத்தவன். சண்டையில் சாவதாகச் சபதம் செய்தவன். எல்லாக் கதவையும் உதைத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடுகிறேன். குழுவில் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள். சபதப்படிதானே ஆடுகிறேன்? (வேளச்சேரி)

தம்பி, நீங்கள் சொல்வதில் அவசரம்தான் தெரிகிறது, சபதம் தெரியவில்லை. இந்த வகை வீரனைப் பிரபலமாக்கியது வார்ஹாமர் என்ற இன்னொரு ஆட்டம். 1986-இல் வந்த அதன் கதையாட்டப் பதிப்பிலேயே டிரோல் ஸ்லேயர், அதாவது டிரோல் என்னும் பூதங்களைக் கொல்பவன், உண்டு. தலையை மழித்து, நடுவில் ஆரஞ்சு நிறக் கொண்டை வைத்துக்கொண்டு, டிரோல்களையும் அரக்கர்களையும் தேடிப் போகும் குள்ளன். எதிரி இன்னார் என்பது அவன் சபதத்திலேயே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருந்த விஷ ஊசி குத்திச் செத்தால் அவன் மானம் திரும்பாது, சிரிப்புதான் மிஞ்சும். அதனால் குழுவிலேயே அதிக ஜாக்கிரதைக்காரன் அவனாகத்தான் இருப்பான். தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்க உட்கார்ந்த அத்தையைப் பாருங்கள். இது வேண்டாம், அதை எடு, இதைவிடப் பெரிய கரை இல்லையா என்று நாற்பது புடவையைப் பிரிக்க வைப்பார். உங்கள் வீரன் தன் சாவை அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சபதத்தை எப்படி எழுதுவது? (அம்பத்தூர்)

ஒரே வாக்கியம் போதும். அதில் தோழர்கள் இருக்க வேண்டும், ஒரு ‘வரை’யும் இருக்க வேண்டும். ‘இந்த நால்வரும் மலையைக் கடக்கும்வரை என் உயிர் எனக்குச் சொந்தமில்லை’ என்று எழுதிப் பாருங்கள், கதவை உதைக்கும் கால் தானாகத் தயங்கும். சோழர்களின் வேளைக்காரப் படையும் பாண்டியர்களின் ஆபத்துதவிகளும் மன்னருக்காக உயிர் கொடுக்கச் சபதம் செய்தவர்கள்தாம். ஆனால் இன்னாருக்காக என்பது அதில் தெளிவாக இருந்தது.

மேடம், குள்ளனுக்குப் பதில் சங்ககால வீரனாக ஆடலாமா? வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தலைக் கொண்டுவர ஆசை. (தாம்பரம்)

தாராளமாக ஆடுங்கள், வடக்கிருத்தலை மட்டும் விட்டுவிடுங்கள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் ஏற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் என்கிறது புறநானூறு. பாட்டில் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். மேசையில் நீங்கள் வடக்கு நோக்கி உட்கார்ந்தால் மற்ற நால்வரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டு, பேரும் பெருமையும் எழுதி வழிபட்டார்கள். செங்கம் பகுதியில் இத்தகைய கற்கள் ஏராளம். அவன் செத்தாலும் மாடு வீடு திரும்பியது, கல் நட ஊரும் மிஞ்சியது. தன் கல்லைத் தானே நட்டுக்கொண்ட வீரன் எவனும் இல்லை. குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு சாகிறவனுக்குக் கல் நட யார் இருப்பார்கள்?

நான் குழுவின் பூசாரி. வீரன் ‘என்னைக் குணப்படுத்தாதே’ என்கிறார். விட்டுவிடவா? (பெரம்பூர்)

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பாலத்தின்மேல் அரக்கன் அடித்து வீரன் சாய்ந்துவிட்டான். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, சாய்ந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி, மூன்று தோல்வி என்றால் கதை முடிந்தது. ஏழு விழுந்தது. அடுத்து பன்னிரண்டு. அப்புறம் நான்கு. இன்னும் ஒரு தோல்விதான் பாக்கி. பூசாரிப் பெண்ணிடம் ஒரே ஒரு மந்திரம் மிச்சம். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அவள் குணப்படுத்தினாள். எழுந்த வீரன், ‘என் சாவைத் திருடிவிட்டாய்’ என்று கத்தினான். ‘ஆமாம், கடனாக வைத்துக்கொள். நான் கேட்கும்போது திருப்பிக் கொடு’ என்றாள். அடுத்த ஓராண்டுக் கதை அந்தக் கடனைச் சுற்றியே ஓடியது. நீங்களும் குணப்படுத்துங்கள். கோபப்படும் உரிமை அவருக்கு உண்டு, உங்களைத் தடுக்கும் உரிமை கிடையாது.

பின்வாங்கலாமா? (போரூர்)

காயம்பட்ட தோழனைத் தோளில் போட்டுக்கொண்டு என்றால் தாராளமாக.

செத்தவனை உயிர்ப்பிக்கும் மந்திரம் இருக்கும்போது இந்தப் பாத்திரத்துக்கு என்ன அர்த்தம்? 300 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால் எழுப்பிவிடலாமே. (அண்ணா நகர்)

திரும்பி வர விருப்பமில்லாத ஆன்மாவை எழுப்ப முடியாது என்று விதி இருக்கிறது. ஆகவே வைரத்தை வைத்ததும் அவனிடம் கேளுங்கள்: ‘வருகிறாயா?’ நல்ல சாவு கிடைத்தவன் மறுப்பான். தோழர்கள் இன்னும் ஆபத்தில் இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே வருவான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எங்கள் மேசையில் ஒருவர் வீட்டில் அண்மையில் ஒரு மரணம். இந்தப் பாத்திரத்தைத் தொடரலாமா? (திருவான்மியூர்)

அவரிடம் தனியாகக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் வேண்டாம். அவர் ‘பரவாயில்லை’ என்று இழுத்தாலே வீரனை ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு பாத்திரம் எடுங்கள். சாவை ஏங்குவதாக ஆடுகிறவரே நிஜத்தில் சோர்ந்திருப்பதாகத் தோன்றினாலும் ஆட்டத்தை மூடிவைத்துவிட்டு அவரோடு பேசுங்கள்.

கடைசியில் சாக விடுவது எப்போது, அக்கா? (ராயப்பேட்டை)

ஆடுகிறவரும் நடத்துகிறவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். அது ஏமாற்று வேலை இல்லை. எங்கள் வீரன் இரண்டரை ஆண்டு இழுத்தான். பூசாரிப் பெண் ஒருநாள் கடனைக் கேட்டாள். அகதிகள் ஆற்றைக் கடக்கும்வரை கரையைக் காத்து நின்று செத்தான். அடுத்த ஞாயிறு அவள், தெருவில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து வந்து, மார்க்கரால் அவன் பெயரை எழுதி மேசை ஓரத்தில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பகடை அதில் இடித்து நின்றால் மறுபடி உருட்ட வேண்டும் என்பது எங்கள் மேசை விதி.