ஐம்பதை நெருங்கும்போது ஊர் மாறினால் புது ஊரில் மனசு ஒட்டுமா? எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவது? ஊர் மாறப்போகிற நீங்கள் இப்படிக் கேட்டு எழுதியிருந்தீர்கள்.

ஒட்டும். எனக்கு ஒட்டியது தெருக்கூத்தால்.

பிறந்தது, கல்யாணமானது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் கோயம்புத்தூரில்தான். கணவருக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறில், சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது எனக்கு 49 வயது. இந்த வயதில் ஊர் மாறுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முப்பது வயதில் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலிலேயே நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு போகிறவர்களுக்கு அந்த வாசல் கிடையாது. கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தவிர நம்மிடம் பேச யாருக்கும் காரணமே இருக்காது.

இந்தப் பக்கத்தில் பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் வைப்பார்கள், அதாவது மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்துவார்கள், ஆடி வரைக்கும் ஊர் ஊராக நடக்கும். பகலில் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார்கள், ராத்திரி அந்தக் கதையே கூத்தாக வரும். பக்கத்து வீட்டுப் பெண்தான் என்னைக் கூப்பிட்டாள். "போர்வை ஒண்ணு எடுத்துக்கினு வாக்கா, வெடிகாலைல குளுரும்" என்றாள். விடிய விடிய உட்காரப்போகிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

கூத்தில் என்னை முதலில் பிடித்தது திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், காலில் சலங்கை கேட்கும், முகவீணை என்கிற ஊதுகுழலும் மிருதங்கமும் ஏறிக்கொண்டே போகும், ஆள் மட்டும் வரமாட்டார். திரை விலகி அவர் கிறுகிறுவென்று சுற்றி நிற்கும்போது நமக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. அவர் பார்ப்பது நம்மைத்தான். சினிமாவும் டிவியும் பார்த்தே வளர்ந்த எனக்கு, நான் வந்து உட்கார்ந்திருப்பது எதிரில் நடிக்கிறவருக்குத் தெரிகிறது என்பதே புதிதாக இருந்தது. புது ஊரில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

துகில் உரியும் ராத்திரி வேறு மாதிரி. துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறார். திரௌபதியாக நிற்பதும் ஓர் ஆண்தான், ஆனால் சுற்றியிருக்கிற பெண்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நடிப்பு எங்கே முடிகிறது, சாமி எங்கே தொடங்குகிறது என்று என்னால் கோடு போட முடியவில்லை, போட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடைசி நாள் படுகளத்தில், அதாவது துரியோதனன் சாகிற போர்க்களக் காட்சியில், இன்னும் ஒரு படி மேலே. மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருப்பான், ஊரே அவனைச் சுற்றி நிற்கும், பீமன், துரியோதனன் வேஷக்காரர்கள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார்கள். நீங்கள் வெளியூரா உள்ளூரா என்று அப்போது யாரும் கேட்பதில்லை, ஓடி வழிவிட வேண்டியதுதான். சாயங்காலம் தீமிதி.

ஆனால் என்னை இந்த ஊர்க்காரி ஆக்கியது கர்ண மோட்சம், போரில் கர்ணன் சாகிற கதையைச் சொல்லும் கூத்து. இங்கே யாராவது இறந்துபோனால் கருமாதிக்கு அந்தக் கூத்தை வைக்கிற வழக்கம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறியபோது வைத்தார்கள். குலம் தெரியாதவன் என்று கர்ணனை ஒதுக்கி வைத்திருந்த மனைவி பொன்னுருவியிடம் அவன் தன் பிறப்பைச் சொல்லிவிட்டுப் போருக்குக் கிளம்புகிற இடம் இருக்கிறது, நேரம் அப்போது நடுச்சாமத்தைத் தாண்டிவிட்டது, பெண்கள் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். கர்ணனுக்காக மட்டும் இல்லை, அவரவர் வீட்டில் போனவர்களுக்காகவும். கோவையில் எங்கள் அப்பா போனபோது வந்தவர்களைக் கவனிக்கிற ஓட்டத்தில் நான் சரியாக அழவே இல்லை. அன்றைக்கு அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மா யார் என்றுகூடத் தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் கடைத்தெருவில் அவரே நிறுத்தி, "யாரை நெனச்சி அழுத?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றி இந்த ஊரில் நான் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அப்புறம் தேடிப் போக ஆரம்பித்தேன். செய்யாறு பக்கத்திலேயே இருக்கிற புரிசை, பேர்பெற்ற கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் ஊர். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந.முத்துசாமி நவீன நாடகத்துக்கு வழி தேடியபோது வந்து நின்றது இந்தக் கூத்தின் முன்னால்தான். 2003-ல் தம்பிரான் காலமானார், அவர் குடும்பம் இன்றும் ஆடுகிறது. இப்படி ஒரு கலை நடக்கிற மண்ணில் வாடகைக்கு இருக்கிறோம் என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் என்றால் திரௌபதி அம்மன் கோவில் எங்கே என்று விசாரித்து, பாரதம் எப்போது என்று பூசாரியிடம் கேளுங்கள். நாற்காலி போட்டிருந்தாலும் போகாதீர்கள், முன்னால் பாயில் பெண்களோடு உட்காருங்கள். வேறு ஊர் என்றால் பெயரைக் கமெண்டில் சொல்லுங்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது அங்கே என்ன ஆடுகிறார்கள் என்று சொல்வார்கள்.