நிரலாளர்களின் சண்டை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். யாருக்கும் ஊதியம் கிடையாது. சென்ற மாதம் அதன் ஒரு பகுதியை வேறொரு நிரல்மொழியில் திருப்பி எழுதலாமா என்று பேச்சு வந்தது. இரண்டே நாளில் பேச்சு நிரலை விட்டு ஆட்களிடம் போய்விட்டது. "அடிப்படை தெரியாதவர்களோடு பேசிப் பயனில்லை" என்று மூத்தவர் ஒருவர் எழுதினார். புதிதாக வந்து மூன்று நல்ல திருத்தங்களை அனுப்பியிருந்த ஒருவர் அதன்பின் எதுவும் எழுதவில்லை. மூத்தவரிடம் தனியே கேட்டேன். "தப்பைத் தப்பு என்றுதான் சொல்வேன், தடவிக்கொடுக்க எனக்கு நேரமில்லை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மரியாதை என்பது நேர்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதானா? விதிகளை எழுதி வைத்தால் போதுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்தவர் தன்னை நேர்மையானவர் என்று நினைக்கிறார். எனக்கு அவர் சோம்பேறியாகத் தெரிகிறார். "இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் இந்த மாறியில் எழுதுகின்றன, பூட்டு இல்லை" என்று சொல்லியிருந்தால் அது கறாரான விமர்சனம். எங்கே கைவைக்க வேண்டும் என்று அதைப் படித்தவருக்குத் தெரிந்திருக்கும். "அடிப்படை தெரியாதவர்" என்பதை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது? ஒரு பிழை அறிக்கை இவ்வளவு மொட்டையாக வந்தால் அவரே அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

நாம் கோபத்தில் சொல்லும் 'விதண்டாவாதம்' ஒரு பழைய கலைச்சொல். பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஒன்றான நியாய தரிசனம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டை வைக்காமல் எதிராளி சொன்னதை உடைப்பது மட்டும் விதண்டை. மென்பொருள் விவாதங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை வாதமாகத் தொடங்கி வெள்ளிக்கிழமை விதண்டையாக முடிகின்றன. எதிராளியின் மின்னஞ்சலில் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் எங்கே சறுக்குகிறார் என்று தேட ஆரம்பித்தால், நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் ஏன் இவ்வளவு சூடு? அளக்கக்கூடியவை அளந்ததும் முடிந்துவிடுகின்றன. மிஞ்சுபவை ருசியும் பல ஆண்டுப் பழக்கமும்தான். 1980 ஏப்ரல் 1 அன்று டேனி கோஹென் என்ற கணினி அறிவியலாளர் இத்தகைய ஒரு 'புனிதப் போரை' நிறுத்தச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினார். கணினி ஓர் எண்ணைப் பைட்டுகள் என்னும் சிறு துண்டுகளாக வைக்கும்போது பெரிய முனையை (அதிக மதிப்புள்ள துண்டை) முதலில் வைப்பதா, சிறிய முனையையா என்பதுதான் சண்டை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று போரிடும் ஒரு பழைய அங்கதக் கதையிலிருந்து இரு கட்சிக்கும் பெயர் எடுத்தார். எந்த வரிசை என்பதைவிட எல்லோரும் ஒரே வரிசைக்கு உடன்படுவதே முக்கியம் என்றார். இன்றும் இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளில் பெரிய முனை முன்னால் போகிறது, நம் கணினிகளில் பெரும்பாலானவை சிறிய முனையை முன்னால் வைக்கின்றன. இடையில் யாருக்கும் தெரியாமல் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அத்தனை கூச்சலும் இதற்குத்தான்.

ஆனால் கூச்சலுக்கு விலை உண்டு. 2018 ஜூலையில் பைத்தான் என்னும் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் அதன் தலைமையிலிருந்து விலகினார். ஒரு முக்காற்புள்ளியும் ஒரு சமக்குறியும் சேர்ந்த குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றிய விவாதம் அவரை அந்த அளவுக்குக் களைக்கச் செய்திருந்தது. குறியீடு மறு ஆண்டே மொழியில் சேர்ந்துவிட்டது. அவர் பழைய பதவிக்குத் திரும்பவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் எழுதிய ஒரு தேடல் நிரல் மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் எழுதினார். "முதலில் அளக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்" என்று பதில் போட்டேன். அவர் அளந்துகொண்டு வந்தார். தவறு என்னுடையது. அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் "ஆமாம், சரிதான்" என்று எழுதிவிட்டுத் திருத்தியிருப்பேன். எழுதிவிட்டதால் இரண்டு வாரம் வீம்பாகச் சாக்குகள் தேடினேன். அந்த இரண்டு வாரமும் நிரல் மெதுவாகவே ஓடியது. கடுஞ்சொல் எதிராளிக்கு என்ன செய்கிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். சொன்னவர் திரும்பி வரும் வழியையும் அது அடைத்துவிடுகிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

விதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதி வையுங்கள், கெடுதல் இல்லை. 1995இல் வந்த இணைய நாகரிகக் குறிப்பு ஒன்று, உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பு என்கிறது. அதைவிட நல்ல விதியை நான் பார்த்ததில்லை. கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அமைப்பில் ஒரு நிரல் மாற்றத்தை ஒருவர் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் காட்டாத தடை செல்லாது. இதுவும் உங்களுக்குப் பொருந்தும். கூடவே, முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடிவு யார் கையில் என்று தெரியாதபோதுதான் கடைசியாகக் கத்தியவர் ஜெயித்ததாக ஆகிறது.

ஆனால் விதி மூத்தவரையும் கட்ட வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1992இல் கணினி அறிவியல் பேராசிரியர் டானன்பாமுடன் இயங்குதள வடிவமைப்பைப் பற்றிக் காரசாரமாக மோதினார், ஓரிரு நாளில் தன் தொனிக்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு பல ஆண்டுகள் அவருடைய வசவுகள் லினக்ஸ் உலகில் பிரசித்தம். 2018 செப்டம்பரில் அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸ் நின்றுவிடவில்லை. அவர் திரும்பி வந்தபின் மோசமான நிரலை ஏற்க ஆரம்பித்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. உங்கள் மூத்தவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், போய்விட்ட அந்தப் புதியவருக்கு இன்றே எழுதுங்கள். வெறுமனே வருத்தம் தெரிவித்தால் "பரவாயில்லை" என்று பதில் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிடுவார். அவர் அனுப்பிய மூன்றாவது திருத்தத்தை எடுத்துப் படித்து, அதில் உங்களுக்கு உண்மையாகவே புரியாத ஓர் இடத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்