காபி குடிக்கிற மார்மனுக்குக் கோவம் வரலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நாளா உங்க சைட்டப் படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. போன மாசம் ஒரு கட்டுரைல போற போக்குல "எங்க வார்டுல"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க, ஆஸ்பத்திரி வார்டு இல்ல, நம்ம மார்மன் கிறிஸ்தவ சபையோட உள்ளூர் கூட்டம்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன், ஐடி வேலை. வைஃப் ஐடஹோல பிறந்து வளர்ந்தவ, தலைமுறை தலைமுறையா மார்மன் குடும்பம். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு நானும் ஞானஸ்நானம் எடுத்தேன், யாரும் கட்டாயப்படுத்தல, எனக்கே தோணி எடுத்ததுதான். ஆனா நல்ல மெம்பர்னு சொல்லிக்க முடியாது. நம்ம சபைல காபி கூடாது, எனக்கு ஆபீஸ்ல தினம் ஒரு காபி. டெம்பிளுக்குள்ள போக சபை தர்ற அனுமதிச் சீட்டு, அதான் டெம்பிள் ரெக்கமண்ட், காலாவதி ஆகி ஒரு வருஷம் ஆச்சு, புதுப்பிக்கல. விசுவாசத்த எல்லார் முன்னாடியும் சொல்ற டெஸ்டிமனி மீட்டிங்ல ஒவ்வொருத்தரா எழுந்து "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்"னு சொல்றப்ப நான் குனிஞ்சு பையனோட ஷூ லேஸ கட்டிக்கிட்டு இருப்பேன்.

இப்ப விஷயம் என்னன்னா, ஆபீஸ்ல ஒருத்தன் நான் காபி எடுக்கறதப் பாத்துட்டு "ஏய், உனக்குத்தான் இது ஆகாதே, மாட்டிக்கிட்டியா"ன்னு கத்தினான், எல்லாரும் சிரிச்சாங்க, அடுத்த கேள்வி வழக்கம் போல "வீட்ல எத்தனை வைஃப்". அதுகூட போகுது. வைஃப் வேற சபைக் கிறிஸ்தவங்க நடத்தற ஒரு ஹோம்ஸ்கூல் குரூப்புல சயின்ஸ் சொல்லித் தரேன்னு கேட்டா, ஒரு பேப்பர நீட்டி பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவத்த நம்புறேன்னு கையெழுத்து போடச் சொன்னாங்க, இவ போட மாட்டேன்னுட்டா. குழந்தைங்க வரலாம், நீங்க சொல்லித் தர முடியாதுன்னாங்க. அடுத்த வாரத்துல இருந்து பசங்கள யாரும் விளையாடவும் கூப்பிடல. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. அதே சமயம் உள்ள ஒரு குரல், நீயே ஒழுங்கா இல்ல, உனக்கு என்னடா இவ்வளவு கோவம்னு. எனக்குக் கோவப்பட உரிமை இருக்கா அக்கா? இன்னொண்ணு, காபி விஷயத்த எங்க வார்டு தலைவர் பிஷப்கிட்ட சொல்லிடறதா, இல்ல அப்படியே விட்டுடறதா?

இப்படிக்கு,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஷூ லேஸ் கட்டறதுல நீங்க தனி ஆள் இல்ல தம்பி. நான் ஹேண்ட்பேக்ல எதையோ தேடுவேன். பதினோரு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன், இன்னும் கிடைக்கல.

முதல்ல ஒரு விஷயம், "மார்மன்"னு நீங்களும் நானும் எழுதறதே இப்ப சரியில்ல. 2018ல ரசல் நெல்சன் தலைவரா இருந்தப்ப இந்தப் பட்டப்பேரு வேணாம், சபையோட முழுப் பேரையும் சொல்லுங்கன்னு சொல்லிட்டார், அதுல "பிற்காலப் பரிசுத்தவான்கள்"னு வரும். கைல காபி கப்ப வச்சுக்கிட்டு என்னை நானே பரிசுத்தவான்னு சொல்லிக்க எனக்கு வாய் வரல, அதனால இந்தக் கடிதம் வரைக்கும் மார்மன்னே இருக்கட்டும், பெரியவங்க மன்னிக்கணும்.

கோவப்பட உரிமை இருக்கான்னு கேட்டிருக்கீங்க. நான் இருக்கறது மிசௌரி மாநிலத்துல, லிபர்ட்டிங்கற ஊர் வீட்ல இருந்து இருபது நிமிஷம். அங்க ஒரு பழைய ஜெயில் இருந்த இடம் இருக்கு, நம்ம சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்த 1838 டிசம்பர்ல இருந்து 1839 ஏப்ரல் வரைக்கும் அங்கதான் அடைச்சு வச்சிருந்தாங்க. ஜெயில அப்படியே மறுபடி கட்டி, பாதியா வெட்டின மாதிரி திறந்து காட்டறாங்க, கீழ இருக்கற அறைல ஒரு ஆள் நிமிர்ந்து நிக்க முடியாது. ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போவேன். அதுக்கு முன்னாடி 1838 அக்டோபர் 27ஆம் தேதி இந்த மாநில கவர்னர் லில்பர்ன் பாக்ஸ் ஒரு ஆர்டர் போட்டார், மார்மன்கள எதிரிகளா நடத்தணும், ஒண்ணு அழிக்கணும் இல்ல மாநிலத்த விட்டே விரட்டணும்னு. மூணு நாள் கழிச்சு ஹான்ஸ் மில்ங்கற இடத்துல பெரியவங்க பசங்கன்னு 17 பேரக் கொன்னாங்க, அதுல ஒரு பையனுக்கு வயசு பத்து. அந்த ஆர்டர ரத்து பண்ணது எப்பன்னு நினைக்கிறீங்க, 1976ல. நூத்து முப்பத்தெட்டு வருஷம் அது பாட்டுக்கு பேப்பர்ல கிடந்திருக்கு.

இத எதுக்கு சொல்றேன்னா அந்த ஆர்டர்ல "ஒழுங்கா ஜெபம் பண்ற மார்மன்கள மட்டும்"னு எங்கயும் இல்ல. பாதி நம்பிக்கையோட இருந்தவன், பொண்டாட்டிக்காக வந்தவன், ஒளிஞ்சு விஸ்கி குடிச்சவன், எல்லாரும்தான் அந்தக் குளிர்ல மூட்டையக் கட்டிக்கிட்டு மிசிசிப்பியத் தாண்டி இல்லினாய்க்கு நடந்தாங்க. இது பழைய கதைன்னு தோணும். 2025 செப்டம்பர் 28, ஞாயித்துக்கிழமை, மிச்சிகன்ல கிராண்ட் பிளாங்க் ஊர்ல நம்ம சபையோட சாக்ரமெண்ட் மீட்டிங், அதான் ஞாயிறு ஆராதனை, நடந்துக்கிட்டு இருக்கறப்ப ஒருத்தன் பிக்கப் டிரக்க சர்ச் சுவத்துல மோதி, சுட்டு, கட்டிடத்துக்கும் தீ வச்சான். நாலு பேர் செத்தாங்க. எங்க சபை மேல அவனுக்கு இருந்த வெறுப்பு அப்புறம் வெளிய வந்துச்சு. அந்த ஹால்ல யாரு ரெக்கமண்ட் வச்சிருந்தா, யாரு காலாவதி ஆகி உக்காந்திருந்தான்னு அந்தத் துப்பாக்கி கேட்டுச்சா? ஆபீஸ்ல சிரிக்கறவனையும் அவனையும் ஒண்ணா வைக்கறேன்னு நினைக்காதீங்க, அப்படி இல்ல. வெறுக்கறவன் உங்க மார்க் ஷீட்ட பாக்கறதில்ல, அப்புறம் வலிக்கறதுக்கு மட்டும் எதுக்கு மார்க் ஷீட்டுன்றதுதான் என் கேள்வி. (அந்தக் கொலைகாரனோட குடும்பத்துக்காக எங்க சபைக்காரர் ஒருத்தர் பணம் திரட்டி லட்சக்கணக்கான டாலர் சேந்துச்சு, அதையும் சொல்லணும். நான் குடுக்கல. கோவமா இருந்தேன், மூணு வாட்டி பேஜ திறந்து திறந்து மூடினேன். நல்ல மார்மன் இல்லன்னு சொன்னேனே.)

ஆனா உங்க கடிதத்துல மூணு விஷயத்த ஒரே மூட்டைல கட்டியிருக்கீங்க, அத நான் பிரிக்கப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

அந்தப் பேப்பர்ல கையெழுத்து கேட்டது இருக்கே, அது எனக்குத் தப்பாத் தெரியல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் தனித்தனி ஆளுங்கன்னு நம்ம சபை சொல்லுது, திரித்துவத்த சொல்ற பழைய நைசீன் விசுவாச அறிக்கைய நாம ஏத்துக்கறதில்ல, பைபிளுக்கு மேல இன்னும் மூணு வேதம் வச்சிருக்கோம். கத்தோலிக்க சபை 2001லயே நம்ம ஞானஸ்நானம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, நாமளும் அவங்க ஞானஸ்நானத்த ஏத்துக்கறதில்ல, வர்றவங்களுக்கு மறுபடி குடுக்கறோம். இது ரெண்டு பக்கமும் கோடு போட்டு உக்காந்திருக்கற விஷயம். அவங்க குரூப், அவங்க விசுவாசம், அவங்க கேக்கலாம், உங்க வைஃபும் முடியாதுன்னு சொல்லலாம், சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. ஆனா அடுத்த வாரம் பசங்கள விளையாடக் கூப்பிடாம விட்டாங்களே, அதுல தியாலஜி எதுவும் இல்ல. ஏழு வயசுப் பையன் ஊஞ்சல் ஆடறதுக்கு திரித்துவம் தேவையில்ல. உங்க ரெண்டு நாள் தூக்கத்த கெடுத்தது அதுதான், அது நியாயமான கோவம்.

ஆபீஸ் ஜோக்குக்கு வரேன். என்கிட்ட வேற மாதிரி கேப்பாங்க, "நீ எத்தனாவது வைஃப்?" எங்க வீட்டுக்காரர் மெம்பரே இல்ல, கிறிஸ்மஸ் அன்னிக்கு மட்டும் வந்து சாப்பிட்டுட்டுப் போவார். ஆரம்பத்துல நான் ஒரு லெக்சரே குடுப்பேன், 1890ல அப்பத் தலைவரா இருந்த வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணம் இனி வேணாம்னு அறிக்கை விட்டார், 1904ல ரெண்டாவது அறிக்கை, இப்ப பண்ணா சபையை விட்டே நீக்கிடுவாங்க, நீங்க டிவில பாக்கறது பிரிஞ்சு போன கூட்டம், அப்படி இப்படின்னு. கேட்டவனுக்கு ரெண்டாவது வரிலயே கண்ணு சொருகும். கேக்கறவனுக்கு பதில் தேவையே இல்ல, சிரிப்புதான் தேவைன்னு லேட்டாத்தான் புரிஞ்சுது. இப்ப "அந்த ஒரு ஆளையே சமாளிக்க முடியல"ன்னு சொல்லிட்டு என் வேலையப் பாப்பேன். ஒருத்தர் மட்டும் ஒரு நாள் லிஃப்ட்ல தனியா கேட்டார், அவர் கறுப்பினத்தவர், "1978 வரைக்கும் எங்க ஆளுங்களுக்கு உங்க சபைல ஆசாரியத்துவம், அதாவது சடங்கு நடத்தற அதிகாரம், குடுக்கலையாமே, அது தெரிஞ்சும் எப்படிப் போய் சேந்த"ன்னு. அவருக்கு நான் ஜோக் சொல்லல. உண்மைதான்னேன், எனக்கும் அது தொண்டைல முள்ளு மாதிரி நிக்குதுன்னேன், அதுக்கு சொன்ன காரணங்கள சபையே இப்ப ஏத்துக்கறதில்லன்னும் சொன்னேன். லிஃப்ட் நின்னுடுச்சு, கதவு திறந்துச்சு, அதுக்கு அப்புறமும் அங்கயே நின்னு பேசினோம். அவர் கேட்டத வெறுப்புன்னு சொன்னா நான் மனுஷியே இல்ல.

நம்ம ஆளுங்க பண்ற தப்பு இங்கதான். யாராவது கஷ்டமான கேள்வி கேட்டா உடனே 1838ஐ எடுத்து நீட்டறது, பாரு எங்கள எப்படி அடிச்சாங்கன்னு. அடிச்சாங்க, உண்மை. ஆனா அந்த "அழிக்கற" பேச்ச அந்த வருஷம் ஜூலை 4 அன்னிக்கே மேடைல ஏறிப் பேசினது நம்ம சபைத் தலைவர்கள்ல ஒருத்தரான சிட்னி ரிக்டன், எங்கள சீண்டினா அழிக்கற யுத்தம்தான்னு. அப்புறம் 1857ல யூட்டால மௌண்டன் மெடோஸ்ல கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கிட்டு இருந்த ஏறக்குறைய 120 பேர, வெள்ளைக் கொடி காட்டி ஆயுதத்த கீழ வைக்க வச்சு கொன்னது நம்ம ஊர்ப்படை (மிலிஷியா). அடி வாங்கினவங்கதான் அடிச்சாங்க. இதெல்லாம் ஒத்துக்கிட்டா வெறுக்கறவனுக்கு லட்டு மாதிரி ஆயிடுமேன்னு ஒரு பயம் நமக்கு.

அந்தப் பயம்தான் தம்பி உங்க காபிலயும் உக்காந்திருக்கு. ஊரே நம்மள ஒரு மாதிரி பாக்குது, அதனால நாம எல்லாரும் சபைக்குத் தூதர், சிரிச்ச முகம், இஸ்திரி போட்ட சட்டை, நாலு குழந்தை, கெட்ட வார்த்தையே பேசாத வாய். ஒருத்தன் சறுக்கினா மொத்த சபையும் சறுக்கின மாதிரி. அதனாலதான் அவன் "மாட்டிக்கிட்டியா"ன்னு கத்தினது உங்கள இப்படிக் குத்துது. அவன் உங்கள ஒரு மனுஷனாப் பாக்கல, ஷோகேஸ் பொம்மையாப் பாத்தான். கொடுமை என்னன்னா நீங்களும் உங்கள அப்படித்தான் பாக்கறீங்க.

தமிழ் பைபிள்ல மத்தேயு 5:48 எடுத்துப் பாருங்க, "பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்"னு இருக்கும். இங்கிலீஷ்ல படிக்கறப்ப பரீட்சைல நூத்துக்கு நூறு வாங்குன்னு சொல்ற மாதிரி எனக்குக் கேக்கும். தமிழ்ல "பூரணம்" இருக்கு பாருங்க, அதுல ஏதோ நிறையறது, முழுசாகறதுங்கற வாசனை இருக்கு, கிரேக்க மூலத்துல இருக்கற டெலியோஸ்ங்கற வார்த்தைக்கும் முடிவுக்கு வந்தது, முழுமையானதுங்கற அர்த்தம்தானாம். நிறையறதுக்கு நேரம் ஆகும். எனக்கு இது பெரிய ஆறுதல், சாக்குன்னு நீங்க சொன்னாலும் சரிதான்.

"எனக்குத் தெரியும்" விஷயத்துக்கும் ஒண்ணு இருக்கு, நம்ம கோட்பாடும் உடன்படிக்கைகளும் புத்தகத்துல 46ஆம் பிரிவு. சிலருக்குத் தெரிஞ்சுக்கற வரம், வேற சிலருக்கு அவங்க சொல்றத நம்பற வரம்னு வரும். ரெண்டாவதையும் வரம்னுதான் போட்டிருக்கு. நான் ஒரு தடவை எழுந்து "எனக்குத் தெரியாது, ஆனா உண்மையா இருக்கணும்னு ஆசைப்படறேன்"னு சொல்லிட்டு உக்காந்தேன். யாரும் திட்டல. ஒரு எண்பது வயசுப் பாட்டி வெளிய வந்து கையப் பிடிச்சுக்கிட்டு "நானும்"னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க.

உங்கள மாதிரி ஆளுக்கு "ஜாக் மார்மன்"னு ஒரு பேரு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க, பேருக்கு மெம்பர், நடத்தைல இல்லன்னு அர்த்தம். ஆனா 1840கள்ல அதுக்கு அர்த்தமே வேற, மெம்பரா இல்லாம ஆனா மார்மன்கள் பக்கம் நின்னு பேசினவங்கள திட்டறதுக்கு வச்ச பேரு அது. அவங்களும் நமக்காக அடி வாங்கினவங்கதான். உங்க கோவத்துக்கு உரிமைப் பத்திரம் வேணும்னா இத வச்சுக்குங்க.

கடைசியா பிஷப். சொல்லிடுங்க. 1833ல ஜோசப் ஸ்மித்துக்கு வந்த, காபி கூடாதுங்கறதுக்கு ஆதாரமான அந்த வெளிப்பாட்டுல சூடான பானம்னுதான் இருக்கு, அது டீயும் காபியும்னு ஆச்சு, ஹாட் சாக்லேட் பரவால்ல, கோலா பரவால்ல, யூட்டா பக்கம் போனா கோலால க்ரீமும் சிரப்பும் ஊத்தி பக்கெட் சைஸ்ல குடிக்கறாங்க, இதெல்லாம் எனக்கும் தெரியும், வக்கீல் மாதிரி வாதாடலாம், ஆனா அதுக்காகப் போகாதீங்க. நான் போய் சொன்னேன். எங்க பிஷப்புக்கு சம்பளம் கிடையாது, உங்களுக்குத் தெரியும், பகல்ல பிளம்பிங் வேலை பாக்கறவர். முழுசாக் கேட்டார். ரெக்கமண்ட் இப்ப தர முடியாது, விட்டதும் வாங்கன்னார். நான் பையத் தூக்கிக்கிட்டு எழுந்திருக்கறேன், "இருங்க, நர்சரிக்கு ஆள் இல்ல, பாத்துக்கறீங்களா"ன்னார். ஒன்றரை வயசுல இருந்து மூணு வயசு வரைக்கும் பதினோரு உருப்படி. பாவத்த அறிக்கையிட்டதுக்கு இதுதான் தண்டனையான்னு கேட்டேன், அவர் சிரிக்கவே இல்ல.

ஒரு வருஷம் தாண்டிடுச்சு. ரெக்கமண்ட் இன்னும் வரல, காபி ரெண்டுல இருந்து ஒண்ணு ஆயிருக்கு. இன்னிக்கு சனிக்கிழமை, நர்சரில கோல்ட்ஃபிஷ் பிஸ்கட் தீந்துபோச்சு, ஞாயித்துக்கிழமை கடைக்குப் போகக்கூடாது (போயிருக்கேன், அது வேற கதை), அதனால மூடறதுக்குள்ள ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன். வைஃபக் கேட்டதா சொல்லுங்க, லீவுல இந்தப் பக்கம் வந்தா பசங்களக் கூட்டிட்டு வாங்க, எங்க தெருவுல ஊஞ்சல் இருக்கு.

அன்புடன்,
அக்கா