பிரிட்டனின் தொழிற்கட்சி அமைச்சராக இருந்த ஜென்னி லீ பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஓட்டுரிமை இல்லாத வயதிலேயே எம்.பி. ஆனவர் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். 1929 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் வட லனார்க் இடைத்தேர்தலில் ஜெயித்தபோது அவருக்கு வயது 24. வேட்பாளராக நிற்க 21 வயது போதும். ஆனால் அன்றைய வாக்காளர் பட்டியலில் 30 வயதுக்குக் குறைந்த பெண்களின் பெயரே இல்லை. 1928ல் வந்த சம ஓட்டுரிமைச் சட்டம் மே மாதப் பொதுத்தேர்தலில்தான் பயனுக்கு வந்தது.

கேள்வி: அமைச்சராக 1964 வரை ஏன் காத்திருந்தார்?

பதில்: 1931ல் தோற்றார். மறுவருஷம் சுதந்திரத் தொழிற்கட்சி, தான் இணைந்திருந்த தொழிற்கட்சியை விட்டுப் பிரிந்தபோது அதோடு போனார். கொள்கைப் பிடிவாதம்! 1945ல்தான் கேனக் தொகுதி எம்.பி.யாகத் திரும்பினார். தொழிற்கட்சியின் முக்கியத் தலைவரான கணவர் அன்யூரின் பெவனின் அரசியலுக்காகத் தன்னுடையதைப் பின்னுக்குத் தள்ளினார் என்பது என் எண்ணம். பெவன் 1960ல் இறந்தார்.

கேள்வி: வீட்டிலிருந்தே டிவி, ரேடியோ, தபால் வழியாகப் படிக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிரதமர் வில்சனின் யோசனைதானே? இவருக்கு ஏன் பெருமை?

பதில்: யோசனை வில்சனுடையது; 1963லேயே பேசினார். ஆனால் யோசனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்! 1965ல் கல்வித் துறைக்கு வந்த லீ, ஆலோசனைக் குழுவுக்குத் தானே தலைமை ஏற்றார். டிவியில் நாலு பாடம் நடத்தினால் போதும் என்பதை அவர் ஏற்கவே இல்லை. சேர்வதற்கு முன்தகுதி வேண்டாம், ஆனால் பட்டம் மற்ற பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். உழைப்பவர்களுக்கு இரண்டாந்தரச் சரக்கு போதும் என்ற நினைப்பு அவருக்குப் பிடிக்காது. கேபினட்டில் இடமில்லை. ஆனால் பிரதமரிடம் நேரே போய்ப் பேச முடிந்தது. நிதித்துறையின் தயக்கத்தை அப்படித்தான் தாண்டினார். 1969ல் பல்கலைக்கழகமாக இயங்க அனுமதிக்கும் அரச சாசனம் கிடைத்தது.

கேள்வி: கலைத்துறையில் என்ன செய்தார்?

பதில்: 1965ல் கலைகளுக்கென அரசின் முதல் கொள்கை அறிக்கையைக் கொண்டுவந்தார். கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்து தரும் கலை மன்றத்துக்கான நிதியும் அவர் காலத்தில் பல மடங்கு உயர்ந்தது.

கேள்வி: 1970ல் ஆட்சி மாறியதும் பல்கலைக்கழகத்தை மூடவில்லையா?

பதில்: மூடியிருப்பார்கள், ஆட்சிக்கு வந்த கன்சர்வேட்டிவ் கட்சியில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. காப்பாற்றியவர் புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். அந்தத் தேர்தலில் லீயும் கேனக்கில் தோற்றுப்போனார். 1971 ஜனவரியில் சுமார் 24,000 பேரோடு பாடங்கள் தொடங்கியபோது அவர் அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.