பேரிங் எண் அழிந்த மோட்டாருக்கு மாற்று பேரிங் தேடுவது எப்படி?

கேள்வி: பள்ளத்தூர் அருகே கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலை போட்டிருக்கிறேன், இப்போது விழுது இறங்கும் பருவம். கிணற்று மேட்டிலுள்ள 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரில் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் சேர்ந்தது) இரைச்சல் கேட்டுப் பிரித்ததில், பம்பு பக்கத்துப் பேரிங் துருவேறி எண் தெரியவில்லை. மோட்டார் செய்த கம்பெனியும் இப்போது இல்லை. காரைக்குடியில் ஒரு கடையில் வெளிவட்டத்தை மட்டும் அளந்து கொடுத்த பேரிங் ஷாஃப்டில் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரைச்சல் கேட்டதும் மோட்டாரை நிறுத்தியது மிகச் சரியான முடிவு. தேய்ந்த பேரிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் சுழலும் பகுதியான ரோட்டார் தாழ்ந்து, அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் உரசும். பிறகு காயில் கட்டும் செலவும் சேர்ந்துவிடும். மோட்டார் கம்பெனி மூடப்பட்டதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பேரிங்கின் அளவுகள் உலகெங்கும் ஒரே தரக்கணக்கில் இருப்பதால், எஸ்.கே.எஃப்., என்.பி.சி., என்.எஸ்.கே. என எந்தத் தயாரிப்பாக இருந்தாலும் ஒரே எண்ணுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் ஒன்றாகவே இருக்கும்.

முதலில் மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பல மோட்டார்களில் இரண்டு பேரிங்குகளின் எண்ணும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெர்னியர் அளவுகோலால் மூன்று அளவுகளையும் எடுக்க வேண்டும். ஷாஃப்ட் தேய்ந்திருக்கக்கூடும் என்பதால் அதை அளந்து முடிவு செய்யாதீர்கள். பேரிங்கையே அளக்க வேண்டும். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர் என்றால் அது 6205. 30, 62, 16 என்றால் 6206. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும்.

உங்களுக்கு நேர்ந்த சிக்கலுக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. 6206, 6305 இரண்டுக்குமே வெளிவிட்டம் 62 மில்லிமீட்டர்தான். ஆனால் 6305இன் உள்விட்டம் 25, அகலம் 17. வெளிவட்டத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் மாறிப்போகும். ஷாஃப்டைக் கடைந்து அந்தப் பேரிங்கை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். ஷாஃப்ட் பலம் இழந்துவிடும்.

எண்ணோடு ஒட்டி வரும் எழுத்துகளும் முக்கியம். இசட்இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. சி3 என்பது சூட்டில் உள்வளையம் விரிந்தாலும் இறுகாதபடி குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி விட்டது. எதிர்ப்பக்கத்துப் பேரிங்கில் இந்த எழுத்துகள் அழியாமல் இருந்தால் அதைப் பின்பற்றலாம். அதன் அளவு வேறாக இருக்கக்கூடும் என்பதால் எண்ணை மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம். மோட்டாரில் கிரீஸ் நிப்பிள் (வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் முனை) இல்லையென்றால், தண்ணீர் தெறிக்கும் பம்பு பக்கத்துக்கு 2ஆர்எஸ் சி3 கேட்டு வாங்குங்கள்.

துரு ஏறியிருப்பதால் உண்மையான காரணம் பெரும்பாலும் தண்ணீர்க் கசிவுதான். ஷாஃப்ட் வழியே நீர் கசியாமல் தடுக்கும் கிளாண்ட் கயிறு அல்லது மெக்கானிக்கல் சீலையும், ஷாஃப்டில் நீரைச் சிதறடிக்கும் ரப்பர் வளையத்தையும் இப்போதே மாற்றாவிட்டால் புதுப் பேரிங்கும் இதே கதிக்கு ஆளாகும்.

பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி குண்டுகளில் இறங்கிப் பள்ளம் விழும். உள்வளையத்தில் மட்டும் பொருந்தும் ஒரு குழாயை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். பேரிங் கையாலேயே தளர்வாக ஏறினால், ஷாஃப்டில் பொட்டு அடித்து (பஞ்சால் புள்ளி குத்தி) ஒப்பேற்றாமல், லேத் பட்டறையில் மெட்டல் ஏற்றிக் கடைந்து அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

மோட்டாரை மீண்டும் கையாளும் முன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும். பூட்டி முடித்ததும் ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் நீர் இறைத்து, மெயினை அணைத்துவிட்டுப் பேரிங் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் கோணலாக இறங்கியிருக்கலாம். மறுபடி பிரித்துச் சரிசெய்த பிறகே கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.