சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் வேலை: டெல்டா நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணம் என் ஊர். 18 வருஷமாகத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சிகளும் ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டைக் காட்டும் நிகழ்ச்சிகளும் தொகுத்து வழங்குகிறேன். அந்த வேலையைப் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டிருந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: அக்கா, இந்த வேலைக்கு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தே ஆகணுமா?

இல்லைம்மா. நான் பி.காம். செஃப் தாமு, வெங்கடேஷ் பட் இருவரும் ஹோட்டல் சமையலறையிலிருந்து வந்தவர்கள். ரேவதி சண்முகம் வீட்டுச் சமையலைச் சொல்லியே பெயர் வாங்கியவர். ஆள் எடுக்கிறவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: கை வேலை செய்துகொண்டிருக்கும்போது பேச்சு தடுமாறாமல் வருகிறதா? போனை எதிரே நிறுத்தி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே இரண்டு நிமிஷம் பேசிப் பார். முதல் தடவை கை நிற்கும், இல்லாவிட்டால் வாய் நிற்கும். ஒரு மாசம் விடாமல் செய், சரியாகிவிடும்.

திருவையாறு, ஆசிரியர்: எதைத் தின்றாலும் 'சூப்பர்' என்கிறார்களே, உண்மையிலேயே சாப்பிட்டுத்தான் சொல்கிறீர்களா?

சாப்பிடுகிறோம் சார். ஆனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முதல் வாய் அல்ல. எதிரிலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, கையை மட்டும் கிட்டத்தில் ஒரு தடவை என்று எடுப்பார்கள். மூன்றாவது வாய் வருவதற்குள் சாப்பாடு ஆறிவிடும். அதனால் முதல் வாயில் நாக்குக்குத் தெரிந்ததை மனசில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர் அசோகா அல்வாதான். வேகவைத்து மசித்த பாசிப்பருப்பில் சர்க்கரையும் நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சேர்த்து மாஸ்டர் கிண்டிக்கொண்டிருந்தார். அதுவரை சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் கரண்டியோடு மொத்தமாகச் சுருண்டு வந்தது. ஓரமெல்லாம் நெய் கசிந்தது. "இப்பப் பாருங்கம்மா" என்றார். அந்த நேரம் பார்த்து நான் கடையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால், அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை என் குரலுக்கு அடியில் போய்விட்டது. இன்றைக்கும் அது உறுத்துகிறது. அன்றிலிருந்து பதம் வரும் நேரத்தில் நான் வாய் திறப்பதில்லை. சமைக்கிறவர் பேசட்டும்.

'சூப்பர்' என்பதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்றால், வாயில் நடப்பதைச் சொன்னால் போதும். மெல்ல வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது, கடைசியில் வறுத்த பருப்பு வாசனை நிற்கிறது. வீட்டில் பார்க்கிறவருக்கு அது போய்ச் சேரும்.

வலங்கைமான்: அரை மணி நேர நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரம் எடுப்பீர்கள்?

ஒரு மணி நேரத்தில் 12 நிமிஷம் வரை விளம்பரத்துக்கு விதி இடம் கொடுக்கிறது. ஆக, அரை மணியில் நம் கைக்கு வருவது 24 நிமிஷம் போல. அதற்கு ஒரு முழு நாள் போய்விடும். வீட்டு அடுப்படி என்றால் மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும், மைக்கில் இரைச்சல் ஏறும். சித்திரை வெயிலில் விறகடுப்புப் பக்கத்தில் நின்று சிரித்த முகமாகப் பேசுவதற்கும் பழகிக்கொள்ள வேண்டும்.

நீடாமங்கலம்: சம்பளம் எப்படி?

மாசச் சம்பளம் அபூர்வம். எபிசோடுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். ஒரு தயாரிப்பு நிறுவனம் என் பணத்தை ஏழு மாசம் இழுத்தடித்தது, வாய்ப்பேச்சை நம்பிப் போனதால் கேட்கவும் வழியில்லை. முன்பணமும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் மேக்கப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கும்பகோணம், மெஸ் நடத்துகிறவர்: இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் எங்கள் கடப்பா கேமராவில் எடுபடுமா அக்கா?

எடுபடும், ஆனால் பார்வைக்கு வெளுப்பாக இருக்கும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் அரைத்துவிட்டது என்று எல்லாமே வெளிர் நிறம்தானே. ஒரு தடவை படப்பிடிப்பில், நிறம் வேண்டும் என்று மஞ்சள்தூளை அள்ளிப் போடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அதைப் பார்த்துச் சமைக்கிறவர்கள் அதுதான் கடப்பா என்று நினைத்துக்கொள்வார்களே! வாழையிலையில் இட்லிக்குப் பக்கத்தில் ஊற்றுங்கள், இலையின் பச்சையில் அது தானாகவே எடுப்பாகத் தெரியும். அரைத்த விழுது கொதிக்கும்போது வரும் சோம்பு வாசனையை மறக்காமல் சொல்லுங்கள். கேமராவால் காட்ட முடியாதது அது ஒன்றுதான்.

திருத்துறைப்பூண்டி, இளைஞர்: பாரம்பரிய அரிசியை வைத்து நிகழ்ச்சி செய்ய ஆசை. டிவிக்குப் போகணுமா, யூடியூப் போதுமா?

யூடியூபில் ஆரம்பி தம்பி. உன் ஊருக்குப் பக்கத்து ஆதிரங்கம்தான் நெல் ஜெயராமனின் ஊர். 2018இல் மறையும்வரை பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி, விதையை விவசாயிகள் கையில் கொடுத்தவர். அந்த விதையை வாங்கிப் போட்டவர்கள் உன்னைச் சுற்றி இருக்கிறார்கள். ஒரே வயலை, விதை விடுவதிலிருந்து தையில் அறுப்பது வரை போய்ப் போய்ப் படம்பிடி. அப்புறம் அந்த வீட்டிலேயே மாப்பிள்ளைச் சம்பா அரிசியை ஊறவைத்துப் பொங்கச் சொல். ஊறவைக்காமல் போட்டால் வேகாமல் விறைத்து நிற்பதையும் காட்டு, பார்க்கிறவர்கள் தோற்பது அந்த இடத்தில்தான்.

ஒன்று மட்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைக் காட்டினால் விளம்பரம் என்று வெளிப்படையாகப் போடு. விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இலேயே இதற்கு நெறிமுறை கொடுத்திருக்கிறது. நெறிமுறை இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். நம்பித்தானே வாங்குகிறார்கள்.

மயிலாடுதுறை, இல்லத்தரசி: எனக்கு 45 வயது. இனிமேல் முடியுமா?

முடியும்மா. எனக்கு முதல் வாய்ப்பு வந்ததே 34 வயதில், பிள்ளை மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது. காலை எட்டு மணி வெளிச்சம் ஜன்னல் வழியாக விழும் இடத்தில் அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கை பழகிய குழம்பையே வையுங்கள், புதுசாக எதுவும் வேண்டாம். மூன்று நிமிஷம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எங்கே பேச வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.