நெல்வயலில் 2,4-டி களைக்கொல்லி: கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: அண்ணே, சம்பா நட்டு இருபது நாள் ஆச்சு. கோரையும் ஆரைக்கீரையும் மண்டிக் கிடக்கு. 2,4-டி அடிக்கலாமா?

அடிக்கலாம் தம்பி, இதுதான் பருவம். களை மூணு நாலு இலையில் இருக்கும்போதே அடித்துவிடுங்கள். 80 சதவீத சோடியம் உப்புத் தூள் என்றால் ஏக்கருக்கு 500 கிராம், 250 லிட்டர் தண்ணீரில். முதலில் வயலை வடித்துவிடுங்கள். இலை வெளியே தெரிந்தால்தான் மருந்து படும். மறுபடி தண்ணீர் கட்ட இரண்டு மூன்று நாள் போகட்டும்.

பாபநாசம் வாசகர்: போன வருஷம் அடித்தும் புல் அப்படியே நின்றது. போலி மருந்தா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நெல்லும் புல் இனம், குதிரைவாலிப் புல்லும் புல் இனம். நெல்லை விட்டுவைக்கிற மருந்து அதையும் விட்டுவிடும். செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போலவே இது வேலை செய்கிறது. அடிபட்ட கரிசலாங்கண்ணியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: தண்டு முறுக்கிக்கொண்டு வளையும், அப்புறம்தான் காயும். தாறுமாறாக வளர்ந்தே சாகிறது.

திருவாரூர் வாசகர்: பருத்தி இலை விரல் விரலாகக் குறுகிவிட்டது, ஐயா. நான் களைக்கொல்லியே அடிக்கவில்லை.

இது 2,4-டி பட்ட அடையாளம். பருத்திக்கு இதன் துளி வாடையே ஆகாது. பக்கத்தில் யாராவது கோடை நெல்லுக்கு அடித்தார்களா, அதுவும் எஸ்டர் வகையா என்று விசாரியுங்கள். எஸ்டர் வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போகும். சோடியம் உப்பும் அமீன் உப்பும் அவ்வளவு ஆவியாகாது, ஆனால் காற்றில் அவற்றின் சாரலும் அடுத்த வயலுக்குப் போகும். இன்னொன்று, களைக்கொல்லி அடித்த அதே டேங்கில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தீர்களா? சும்மா அலசினால் போகாது. இதற்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்வதே நல்லது. லேசாகப் பட்டிருந்தால் புதுத் துளிர் சரியாக வரும், அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பருத்திக்குப் பக்கத்தில் எஸ்டர் அடிப்பது அநியாயம் என்றே சொல்வேன்.

சீர்காழி வாசகி: வியட்நாமில் கொட்டிய விஷம் இதுதானாமே?

வியட்நாம் போரில் கொட்டிய ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ கலவையில் பாதி இது (2,4-D), மறுபாதி 2,4,5-டி (2,4,5-T) என்ற வேறொரு களைக்கொல்லி. பெருங்கேடு செய்த டையாக்சின் என்ற நஞ்சு அந்த மறுபாதியில் கலந்திருந்த கழிவு. அதற்காக இதை லேசாக எடுக்கக் கூடாது, அம்மா. 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. வெறுங்கையால் கலக்க வேண்டாம், கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் வெகுநேரம் கழுவுங்கள்.

கும்பகோணம் வாசகர்: வாய்க்கால் ஆகாயத்தாமரைக்கு அடிக்கலாமா?

சாகும். ஆனால் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். அந்தத் தண்ணீர் பாயும் உளுந்தும் கெடும். ஆள் வைத்து வாரிப் போடுங்கள்.